துணிச்சலை இழந்த டாக்டர்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஏதாவது பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். சமன்பாடுகளைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அவற்றை நீங்கள் என்னைவிட வேகமாக எழுதுகிறீர்கள். நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். அதில் வரும் டாக்டரின் பெயரையும் அவருடைய தெருவையும் சொல்ல மாட்டேன். மயிலாப்பூர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அப்போது அடையாறில் எங்கள் பிரிவு ஒரு ஆய்வு நடத்திக்கொண்டிருந்தது. அறுபதைத் தாண்டியும் வேலையை விடாதவர்களின் நினைவாற்றல் எப்படி மாறுகிறது, அதோடு சேர்ந்து அவர்கள் துணிந்து முடிவெடுக்கும் போக்கும் மாறுகிறதா என்பதுதான் கேள்வி. வக்கீல்கள், பாட்டு வாத்தியார்கள், கடைக்காரர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், டாக்டர்கள் என்று பலவகை மனிதர்கள் அதில் இருந்தார்கள். மாதம் ஒருமுறை எங்கள் ஆள் போன் செய்வார். பதினைந்து சொற்களை நிதானமாக வாசிப்பார். பிறகு பேச்சை மாற்றிச் சில கேள்விகள் கேட்பார். "நிச்சயமாக ஒரு சின்னப் பரிசு வேண்டுமா? இல்லை, காசு சுண்டி, தலை விழுந்தால் பெரிய பரிசு, பூ விழுந்தால் ஒன்றுமில்லை என்பது வேண்டுமா?" பரிசின் அளவை மாற்றி மாற்றி இதையே கேட்போம். எல்லாம் வாய்ப்பேச்சுக்குத்தான், யாருக்கும் பரிசு கிடையாது. கடைசியில், முதலில் வாசித்த சொற்களில் எவை நினைவிருக்கின்றன என்று கேட்டு, அவர்கள் சொன்ன வரிசையிலேயே குறித்துக்கொள்வோம்.

இதிலிருந்து எங்கள் கணித மாதிரி ஒவ்வொருவருக்கும் இரண்டு எண்களைக் கொடுக்கும். அவர் எவ்வளவு வேகமாக மறக்கிறார் என்பது ஒன்று. எவ்வளவு தூரம் துணிகிறார் என்பது இன்னொன்று. இரண்டும் மெதுவாக மாறக்கூடியவை. ஒரு மனிதர் ஒரே மாதத்தில் வேறொரு மனிதராக ஆகிவிட மாட்டார் என்ற நம்பிக்கையில்தான் அந்த மாதிரியே நின்றது.

டாக்டரை நான் முதலில் அறிந்தது இந்த இரண்டு எண்களாகத்தான். ஆய்வின் ஆரம்ப மாதங்களில் அவருடைய மறதி வேகமாக ஏறிக்கொண்டிருந்தது. பார்க்கவே சங்கடமாக இருந்தது. துணிச்சலோ கொஞ்சமும் குறையவில்லை. எப்போது கேட்டாலும் காசைச் சுண்டச் சொல்லுகிற ஆள். திடீரென்று ஒரு மாதம் அவருக்கு நினைவு திரும்பியது. இளைஞர்களுக்கு இருப்பதுபோல் நினைவு. அதே மாதத்தில் துணிச்சல் அடியோடு போய்விட்டது. நிச்சயமான பரிசு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அதையே கேட்டார். அடுத்த மாதமும் அப்படி. அதற்கடுத்த மாதமும் அப்படியே.

ஒருவருக்கு நினைவு திரும்பினால் சந்தோஷப்பட வேண்டும். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கே.கே. நகர் மார்க்கெட்டில் மின்தராசு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று குனிந்து பார்க்காமல் நான் கத்திரிக்காய்கூட வாங்கியதில்லை. அவர் சொன்ன சொற்களை வரிசையாக எடுத்துப் பார்த்தேன். சந்தேகம் அதிகமானது. நாம் நினைவிலிருந்து சொற்களைச் சொல்லும்போது தாவித்தாவிச் சொல்வோம். மாங்காய் என்று சொன்னதும் ஊறுகாய் ஞாபகத்துக்கு வரும், ஊறுகாயிலிருந்து ஜாடிக்குப் போவோம். டாக்டர் அப்படித் தாவவே இல்லை. வாசித்த வரிசையிலேயே, மேலிருந்து கீழாகச் சொல்லியிருந்தார். ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று சொற்களை விட்டிருந்தார், ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில். அந்த விடுபடல்கள்கூட யோசித்துச் செய்தவை போல இருந்தன.

பிரிவுத் தலைவரிடம் கொண்டுபோனேன். எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். எண்கள் அழகாக இருந்தால், அவற்றை அழகுபடுத்தியது யார் என்று முதலில் கேட்பார். முன்பு ஒரு ஆய்வில், வீடு வீடாகப் போகவேண்டிய ஒருவர் டீக்கடையில் உட்கார்ந்தே எல்லாப் பதில்களையும் எழுதிக்கொடுத்து, அதை நம்பி இவர் ஒரு கருத்தரங்கில் பேசி, அவமானப்பட்டிருந்தார். அதிலிருந்து அவருக்கு எல்லோர் மேலும் ஒரு கண் இருந்தது.

தாள்களைப் பார்த்ததும் கேட்டார், "போன் பண்றது யாரு?"

"செல்வி."

"அப்போ வேற என்ன பார்க்கணும்? போன் பண்ணாமலே உக்காந்து எழுதியிருக்கா. மறதி ஏறிட்டே போனது பழைய எண்கள் இல்லையா? அதெல்லாம் நிஜமா போன் பண்ணின காலம். அப்புறம் அலுத்துப்போச்சு."

செல்வி எங்களிடம் ஒப்பந்தத்தில் வேலை பார்த்த பெண். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். சைதாப்பேட்டை ஆற்றோரத்தில் பிறந்தவள். அங்கே வீடுகளை இடித்தபோது குடும்பத்தோடு ஊருக்கு வெளியே செம்மஞ்சேரிக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து பஸ் மாறி மாறி அடையாறுக்கு வந்துகொண்டிருந்தாள். ஆய்வில் பாதிப் பேருக்கு அவள்தான் போன் செய்தாள். பேசுபவர்களின் அந்தரங்கம் கருதி எந்த உரையாடலையும் பதிவு செய்வதில்லை, வெளியே சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தோம். அதனால் அவள் கேள்விகளைக் கேட்டாளா இல்லையா என்று சரிபார்க்க ஒரு வழியும் இல்லை. எந்த நம்பருக்கு எப்போது பேசினாள் என்பது அவளுடைய போனில் இருந்தது. ஆனால் அழைத்துவிட்டு நலம் விசாரித்துவிட்டு வைத்திருக்கலாமே என்றார் தலைவர்.

நான் அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

 ஆபீசில் அளந்து பேசுகிற பெண். அன்றைக்குக் கோபத்தில் சொந்தப் பேச்சு வந்துவிட்டது. "இன்னா மேடம், நான் போன் பண்ணாமலே எழுதிக்கினு கீறேன்னு சொல்றீங்களா? அவர்தான் பேசுனாரு. மாசாமாசம் கேக்குற கொரல் எனக்குத் தெரியாதா?"

"அவர் பதில் சொல்ற விதத்துல ஏதாவது மாற்றம் இருந்ததா?"

"முன்னெல்லாம் டக்குனு சொல்வாரு, தெரியலன்னா சிரிப்பாரு. இப்ப நிதானமா சொல்றாரு. படிக்கிற மாதிரி. வயசானவரு, அப்படித்தான் பேசுவாருன்னு விட்டுட்டேன்."

படிக்கிற மாதிரி என்ற சொல்லை நான் அங்கேயே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் சந்தேகத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கைக்கு எட்டுகிற தூரத்தில் ஓர் ஆள் இருந்தால் அது அங்கேயே உட்கார்ந்துவிடும். தப்பிக்க ஒரு கதை கட்டுகிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அப்புறம் ஒரு யோசனை வந்தது. பொய்யாகப் பதில் எழுதுகிறவர் தன்னையும் அறியாமல் தன் குணத்தையே எழுதிவைப்பார். அதனால் அதே கேள்விகளைச் செல்வியிடமே கேட்டேன்.

"சுண்டுங்க மேடம்," என்றாள் முதல் கேள்விக்கே. "அந்தச் சின்னப் பரிச வச்சிக்கினு இன்னா பண்றது?" கடைசிக் கேள்வி வரை சுண்டச் சொன்னாள். மாதிரியில் போட்டுப் பார்த்தால், ஆய்விலேயே மிகத் துணிச்சலானவர்களுக்குப் பக்கத்தில் நின்றாள். டாக்டரின் பெயரில் பதில் சொன்ன அந்தக் கோழை இவள் இல்லை.

தலைவர் ஒப்புக்கொள்ளவில்லை. "எதுக்குக் கேக்கறோம்னு அவளுக்குத் தெரியும். மாத்திச் சொல்ல எவ்வளவு நேரமாகும்?" அந்த வாரம் முடிவதற்குள் வேறு விளக்கம் கிடைக்காவிட்டால் செல்வியை நிறுத்திவிடுவது, அவள் பேசிய எல்லோருடைய பதில்களையும் குப்பையில் போடுவது என்று முடிவு செய்தார். அப்படிச் செய்தால் பாதி ஆய்வு போய்விடும். அவளுக்கு வேலை போய்விடும். அதைவிட மோசம், அடுத்து அவள் வேலை கேட்டுப் போகும் இடத்தில் காரணம் கேட்டால் நாங்கள் என்ன சொல்வோம் என்பது.

மறுநாள் மாலை செல்வியை வெளியே கூப்பிட்டேன். எங்கே என்று சொல்லவில்லை. ஆட்டோவில் ஏறி அடையாறு பாலத்தைத் தாண்டிய பிறகுதான் சொன்னேன், டாக்டரின் கிளினிக்குக்குப் போகிறோம் என்று.

அவளுக்குப் புரிந்துவிட்டது. "முன்னாடியே சொன்னா நான் அவருக்குப் போன் பண்ணி ரெடி பண்ணிருவேன்னு பயமா?"

"ஆமாம்."

அவள் வெளியே பார்க்கத் திரும்பிக்கொண்டாள். 

மெட்ரோ வேலைக்காகச் சாலையைத் தகரத்தால் மறித்திருந்தார்கள். ஆட்டோ உள்ளே வராது என்று இறக்கிவிட்டார். நடந்தே போனோம். பழைய வீடு. முன் அறைதான் கிளினிக். ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நாங்களும் நோயாளிகள்போல் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். தடுப்புத் திரை பாதி விலகியிருந்ததால் உள்ளே நடப்பதைப் பார்க்க முடிந்தது.

டாக்டர் மலர்ச்சியான மனிதர். ஒவ்வொருவரையும் பழகியவர்போல் வரவேற்றார். பக்கத்தில் ஒரு ஸ்டூலில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். எல்லோரும் அவரை மாமி என்றார்கள். கல்யாணமான நாளிலிருந்து கிளினிக்கில் கூடவே இருப்பவர், மருந்து எடுத்துக் கொடுப்பவர் என்று பக்கத்திலிருந்த அம்மாள் சொன்னார். நோயாளிகள் முன்னால் கணவரை அவர் டாக்டர் என்றே கூப்பிட்டார்.

பார்க்கப் பார்க்க எனக்கு விளங்க ஆரம்பித்தது. டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்ப்பது, முதுகில் குழல் வைத்துக் கேட்பது எல்லாம் தயக்கமே இல்லாமல் நடந்தது. ஆனால், "எத்தனை நாளா ஜுரம்?" என்று கேட்டு, பதில் வாங்கி, தொண்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பியதும், "எத்தனை நாளா?" என்று மறுபடி கேட்டார். நோயாளி வாயைத் திறப்பதற்குள் மாமி சொன்னார், "மூணு நாளாம், டாக்டர்." சீட்டு எழுதப் பேனா அந்தரத்தில் நின்றபோது மாமி சொன்னார், "போன தடவை கொடுத்த அதே மாத்திரைதானே, டாக்டர்?" பேனா எழுதியது. கொஞ்சம் சிக்கலாகத் தெரிந்த ஒருவர் வந்தார். மார்பில் பாரம் என்றார். டாக்டர் யோசிக்கத் தொடங்குவதற்குள் மாமி, "நீங்க பெரிய ஆஸ்பத்திரிக்கே போயிடுங்கோ. இங்க வச்சுண்டு பாக்க வேண்டாம்," என்று அனுப்பிவிட்டார். அடுத்து வந்த பெண்மணியையும் அப்படியே.

அப்போது எனக்குப் புரிந்தது. எந்தக் கேள்வி கேட்டாலும் காசைச் சுண்ட மறுத்த அந்த ஆள் இந்த ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தார்.

நான் எழுந்து என்னை அறிமுகப்படுத்திக்கொள்ளலாமா என்று யோசித்தபோது வாசலில் சத்தம் கேட்டது. பக்கத்துத் தெருத் தையற்கடைக்காரரை ஒருவர் தோளில் தாங்கி இழுத்துக்கொண்டு வந்தார். "குளவி கொட்டிருச்சு மாமி, மூச்சு விட முடியல!" தையற்காரரின் உதடும் கண்ணிமையும் வீங்கியிருந்தன. மூச்சு இழுக்கும்போது விசில்போல் ஓசை வந்தது.

"ஆஸ்பத்திரி! உடனே ஆஸ்பத்திரி! நான் ஆட்டோ புடிக்கறேன்," என்று மாமி தெருவுக்கு ஓடினார். தகரத் தடுப்பைத் தாண்டி மெயின் ரோடு வரை போனால்தான் ஆட்டோ.

டாக்டர் எழுந்தார். அலமாரியைத் திறந்தார், குப்பியை உடைத்தார், மருந்தை ஏற்றினார், தொடையில் குத்தினார். அட்ரினலின், கடுமையான ஒவ்வாமைக்கு உயிர்காக்கும் மருந்து, அளவு மீறினால் இதயத்தைத் தாக்கும். அந்தக் கைகளில் எந்த மறதியும் இல்லை. வந்திருந்தவர் தையற்காரரைப் பிடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் திரையை விலக்கி உள்ளே போய்விட்டோம். கொஞ்ச நேரத்தில் விசில் ஓசை தணிந்தது. தையற்காரர் ஒரு முழு மூச்சு விட்டார்.

டாக்டர் கை கழுவிவிட்டுத் திரும்பினார். வீங்கிய முகத்தைப் பார்த்தார். "அடடா," என்றபடி அலமாரியைத் திறந்து இன்னொரு குப்பியை எடுத்து உடைத்தார்.

இரண்டாவது ஊசியும் சில சமயம் தேவைப்படும் என்று பிறகு ஒரு மருத்துவர் என்னிடம் சொன்னார். ஆனால் அவர் எடுத்தது அவருக்கு முதல் ஊசி. அவருடைய முகத்தைப் பார்த்தபோதே எனக்கு அது தெரிந்தது. அதை விட்டால் மூன்றாவதும் முதல் ஊசியாகவே இருக்கும். தெரிந்தும் ஒரு கணம் நின்றுவிட்டேன். நான் கணக்கு படித்தவள். மருத்துவம் படித்தவரின் கையைப் பிடிக்க நான் யார்? என் கணித மாதிரி தவறாக இருந்தால்?

"டாக்டர், ஊசி போட்டாச்சு," என்றேன்.

"யார் போட்டா?"

"நீங்கதான். இப்பத்தான்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க யாரு? கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ." சிரிஞ்சில் மருந்து ஏறிவிட்டது. அவருக்கு என்னை நம்ப எந்தக் காரணமும் இல்லை. தையற்காரரோடு வந்தவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். அவரும் டாக்டர் பக்கம்தான். அது நியாயமும்கூட.

செல்வி என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனாள். தட்டிலிருந்த காலி சிரிஞ்சையும் உடைந்த குப்பியையும் எடுத்து அவர் கண்ணெதிரே நீட்டினாள். "சார், இத பாருங்க. காலி. அவர் தொடையில ரத்தம் கீது பாருங்க. மூச்சும் வந்துருச்சு. நீங்கதான் சார் காப்பாத்துனீங்க. இன்னொண்ணு போட்டுராதீங்க."

டாக்டர் குப்பியைக் கையில் வாங்கிப் பெயரைப் படித்தார். குனிந்து ஊசி குத்திய இடத்தைப் பார்த்தார். நாடி பிடித்தார். தன் நினைவை நம்பவில்லை, கண்ணால் கண்டதை நம்பினார். அவ்வளவு நல்ல டாக்டர். கையிலிருந்த சிரிஞ்சை மெதுவாகத் தட்டில் வைத்தார்.

"ஆமாம். போட்டிருக்கேன்," என்றார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் மாமி நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. அவர் தையற்காரரைப் பார்க்கவில்லை, கணவரையும் பார்க்கவில்லை. செல்வியைத்தான் பார்த்தார்.

"இந்தக் குரல்... நீ அந்தப் போன் பொண்ணுதானே?"

தையற்காரரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அவர் பிழைத்துக்கொண்டார். மற்ற நோயாளிகளை மாமி நாளை வரச் சொன்னார். பிறகு எங்களை உள்கூடத்துக்குக் கூட்டிப்போனார். உட்காரச் சொல்லவில்லை.

"வேவு பாக்க வந்தேளா?" என்று என்னிடம் கேட்டார்.

"ஆமாம்."

"ஆரம்பத்துல அவர்தான் ஆசையா ஒத்துண்டார், ஆராய்ச்சின்னா நாம உதவணும்னு. ஒரு தடவை நான் பக்கத்துல உக்காந்து கேட்டேன். ஒரு வார்த்தை ஞாபகம் இல்லை அவருக்கு. சிரிச்சு மழுப்பறார். எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது எவ்வளவு போயிடுத்துன்னு. உங்க கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சுடும், யார்கிட்டயாவது சொல்லிடுவேள், லைசென்ஸைப் பிடுங்கிடுவான்னு பயம். அதான் ஸ்பீக்கர்ல போட்டு, நான் பெரிசா எழுதிக் காட்டுவேன், அவர் படிப்பார். ஏதோ விளையாட்டுன்னு நினைச்சுண்டார். ரெண்டு வார்த்தையை நானே விட்டுடுவேன், சந்தேகம் வரக்கூடாதேன்னு."

"அந்தப் பரிசுக் கேள்வி?"

"அதுவும் நான்தான். சுண்டுன்னு சொல்ல வாயெடுப்பார் அவர். நான் வேண்டாம்னு தலையை ஆட்டிடுவேன். இருக்கறது போதும்னு."

பிறகு அவர் நிமிர்ந்தார். "ஆனா ஒண்ணு கேட்டுக்கோங்கோ. என் கையால இதுவரைக்கும் யாருக்கும் ஒரு தப்பு மாத்திரை போகலை. கொஞ்சம் சந்தேகம்னாலும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடறேன். இதுல என்ன குத்தம்?"

எளிதான கேள்வி இல்லை அது. யோசித்துத்தான் பதில் சொன்னேன். "நீங்க அனுப்பினவங்க எல்லாம் போனாங்களான்னு உங்களுக்குத் தெரியுமா மாமி? இன்னிக்கு நீங்க சொன்னபடி ஆட்டோவுக்குக் காத்திருந்தா அந்தத் தையற்காரர் என்ன ஆகியிருப்பார்? அவர் ஊசி போட்டதால பிழைச்சார். அதே அவர் அடுத்த ஊசியை எடுத்தபோது நீங்க பக்கத்துல இல்லை."

மாமி முன் அறையில் உட்கார்ந்திருந்த கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

எங்கள் மாதிரியில் ஒரு போன் நம்பருக்கு ஒரு மனிதர் என்று வைத்திருந்தோம். அந்த வீட்டில் அப்படி இல்லை. நடந்ததை நினைவில் வைத்திருப்பது ஒருவர், மருத்துவம் தெரிந்தவர் இன்னொருவர். இருவரும் ஒரே அறையில் இருக்கும் வரைதான் அங்கே ஒரு டாக்டர் இருந்தார். ஒருவர் தெருவரைக்கும் போய்வந்தாலே டாக்டர் காணாமல் போய்விடுவார்.

"கிளினிக்கை நாளையிலிருந்து மூடுங்க," என்றேன். "பேசறதை வெளியே சொல்ல மாட்டோம்னு வாக்குக் கொடுத்திருக்கோம். மூடாட்டி அந்த வாக்கை நான் மீறுவேன். மறைச்சு செய்ய மாட்டேன், அதனாலதான் உங்ககிட்டயே சொல்றேன்." இதைச் சொல்ல எனக்கு யாரும் அதிகாரம் கொடுக்கவில்லை. ஆபீசுக்குப் போய்க் கலந்து பேசிவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். மறுநாள் காலையும் நோயாளிகள் வருவார்கள் என்பதால் சொல்லவில்லை.

"மூடிடலாம்," என்றார் மாமி. "அவர்கிட்ட எப்படிச் சொல்றது? இன்னிக்குச் சொன்னா இன்னிக்கு அழுவார். நாளைக்கு மறந்துட்டு ஸ்டெதாஸ்கோப்பைத் தேடுவார். மறுபடி சொல்லணும். தினமும் புதுசா கேட்டு, தினமும் புதுசா அழுவார்."

 

கிளம்பும்போது மாமி கேட்டார், "என் மேல சந்தேகப்பட்டுத்தான் வந்தேளா?"

"இல்லை. நீங்க இருக்கறதே எனக்குத் தெரியாது."

"பின்ன யார் மேல?"

நான் தயங்கினேன். செல்வியே சொன்னாள். "என் மேல மாமி. நானே வீட்ல உக்காந்து பதில் எழுதிட்டேன்னு. இந்த வாரத்தோட அனுப்பிடறதா இருந்தாங்க."

கிளினிக்கை மூடச் சொன்னபோதுகூட அசையாமல் நின்ற மாமி அப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டார். "உன்னையா? மாசாமாசம், உடம்பு எப்படி இருக்கு, சாப்ட்டீங்களான்னு கேப்பியேம்மா. உன்னை மாட்டிவிட்டுட்டேனா நான்?"

மறுநாள் காலை மாமியே எங்கள் தலைவருக்குப் போன் செய்தார். எல்லாவற்றையும் சொன்னார். அதில் செல்வியின் பெயரைத்தான் அதிக முறை சொன்னாராம். கிளினிக் கதவு அன்று திறக்கவில்லை. அதன் பிறகும் திறக்கவில்லை. டாக்டர் தினமும் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு முன் அறையில் வந்து உட்காருகிறாராம். ஏன் யாரும் வரவில்லை என்று கேட்பாராம். பக்கத்துத் தெருவில் எவனோ புதுசாக வந்து தன் நோயாளிகளை இழுத்துவிட்டான் என்று அவருக்கு ஒரு சந்தேகம். மாமி அதை மறுப்பதில்லையாம். அழுவதைவிட அது தேவலை என்றார் என்னிடம்.

வாக்கை மீறுவேன் என்று மிரட்டியதற்காகத் தலைவர் என்னிடம் பல நாள் சரியாகப் பேசவில்லை. இப்படிச் செய்தால் இனி யாரும் நம் போனை எடுக்க மாட்டார்கள் என்றார். அவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள் என்பதை நீங்கள்தான் முடிவு செய்யவேண்டும். நான் சொல்ல வந்தது வேறு. எண்கள் பொருந்தாதபோது யார் பொய் சொன்னார்கள் என்று நாம் உடனே கேட்கிறோம். இந்த எண்கள் வரவேண்டுமானால் அந்த வீட்டில் என்ன நடந்துகொண்டிருக்க வேண்டும் என்று முதலில் கேளுங்கள். இரண்டாவது கேள்வி உங்களை ஆபீசை விட்டு வெளியே கூட்டிப்போகும். முதல் கேள்வி பக்கத்து மேஜையோடு நின்றுவிடும். அங்கே உட்கார்ந்திருப்பவர் ஒப்பந்தத்தில் இருப்பவராக, தூரத்திலிருந்து பஸ்ஸில் வருபவராக இருந்தால் இன்னும் சுலபமாக நின்றுவிடும்.

தலைவர் செல்வியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நானும் இருந்தேன். "விஷயம் தெளிஞ்சுடுச்சும்மா. உன் மேல ஒரு தப்பும் இல்லை. வேலையைத் தொடர்ந்து பாரு," என்றார். அவரளவில் அது பெரிய மன்னிப்பு.

செல்வி தலையாட்டினாள். வெளியே வந்ததும் நான் சொன்னேன், "எனக்கும் நிம்மதியா இருக்கு செல்வி. உன் மேல இருந்த சந்தேகம் தீர்ந்தது."

அவள் நின்று என்னைப் பார்த்தாள். கோபம் எதுவும் தெரியவில்லை.

"என் மேல தீர்ந்துச்சு மேடம்," என்றாள். "எனக்கு உங்க மேல தீரல."

ஆய்வு முடியும் வரை அவள் எங்களோடுதான் இருந்தாள். எங்களிடம் இருந்தவர்களில் நன்றாகப் போன் பேசியது அவள்தான். ஆனால் அன்றிலிருந்து, போன் செய்யும்போது அறைக் கதவை அகலமாகத் திறந்துவைத்துக்கொண்டு, ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி பேசினாள்.